மார்மன் ஊழியத்துக்குப் போகும் மகன் அங்கே நாள் முழுதும் என்ன செய்வான்?

சிங்கப்பூர்த் தாய் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் மகனுக்கு இருபத்தொரு வயது. அடுத்த மாதம் தேசிய சேவையை (கட்டாய ராணுவப் பணியை) முடிக்கிறான். மார்மன் சபையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. இப்போது பிலிப்பீன்ஸில் இரண்டாண்டு ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது என்கிறான். பெரும்பாலும் சிறிய ஊர்களில்தான் இருப்பானாம். எங்கள் வீட்டில் வேறு யாரும் கிறிஸ்தவர் இல்லை. அங்கே நாள் முழுதும் என்ன செய்வான்? யார் சமைத்துப் போடுவார்கள்? தனியாகத் தவிப்பானா? நான் அவனைத் தடுக்க வேண்டுமா?"

அக்கா, 2007ல் என் அம்மாவும் இதே கேள்விகளைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். சனிக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போய்வருபவர் அவர். நானும் அப்போது தேசிய சேவையை முடித்திருந்தேன். எனக்கும் பிலிப்பீன்ஸ்தான் கிடைத்தது. லுஸோன் தீவின் வடக்கே இசபெலா மாகாணத்தில், நெல்லும் சோளமும் விளையும் சின்னஞ்சிறு ஊர்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து திரிந்தேன். அம்மா கேட்ட அன்று என்னிடம் உற்சாகம் இருந்தது, பதில் இல்லை. இன்று பதில் இருக்கிறது. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. 'தனியாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் மகனுக்குக் கிடைக்காத ஒன்று இருக்குமானால், அது தனியாக இருக்கும் நேரம்தான். குளியலறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இன்னோர் இளைஞர் அவனோடு இருப்பார். கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவைத் தாண்டி விலகக்கூடாது என்பது விதி. அந்த ஊழியத்தின் கடினமும் அருமையும் இந்த ஒரு விதியில்தான் இருக்கின்றன என்பது என் அனுபவம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் சில அடிப்படை விவரங்கள். ஊழியம் என்றால் வீடு வீடாகப் போய்ச் சபையின் நம்பிக்கையை மக்களிடம் சொல்வது. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கினார். மார்மன் என்பது அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகத்தை வைத்து மற்றவர்கள் வழங்கிய பெயர். முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018லிருந்து சபைத் தலைமை வலியுறுத்துகிறது. நம்மவர் பலர் இவர்களை யெகோவாவின் சாட்சிகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். சாட்சிகள் தேசிய சேவையை மறுப்பவர்கள்; அவர்களுடைய பதிவைச் சிங்கப்பூர் அரசாங்கம் 1972ல் ரத்து செய்தது. இது வேறு சபை. இதன் பிள்ளைகள் சீருடை அணிந்து சேவையை முடித்த பிறகுதான் ஊழியத்துக்குப் போகிறார்கள். இந்தச் சபையின் ஊழியர்கள் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தது 1968ல். 1993ல் பெங்களூருக்குத் தனி நிர்வாகம் வரும்வரை இந்தியாவில் நடந்த ஊழியத்தையும் சிங்கப்பூரிலிருந்துதான் கவனித்துக்கொண்டார்கள்.

ஆண்கள் பதினெட்டு வயதிலிருந்து போகலாம், இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. 2012 வரை ஆண்களுக்குக் குறைந்தபட்ச வயது 19 ஆக இருந்தது. எந்த நாடு, எந்த ஊர் என்று நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆயர் நேர்காணல் செய்வார், மருத்துவரும் பல் மருத்துவரும் பரிசோதிப்பார்கள், விண்ணப்பம் அமெரிக்காவில் சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும், அங்கிருந்து அழைப்பு வரும். என் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தவர் அப்போதைய சபைத் தலைவர் கார்டன் பி. ஹிங்க்லி. 1969ல் சிங்கப்பூருக்கு நேரில் வந்து இந்த மண்ணுக்காகப் பிரார்த்தனை செய்தவரும் அவர்தான். அந்தக் கையெழுத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சில வாரங்கள் மணிலாப் பெருநகரத்தின் கேசோன் சிட்டியில் உள்ள பயிற்சி நிலையத்தில் கழியும். மொழியும் பாடம் நடத்தும் முறையும் கற்றுத்தருவார்கள். தகலோக் மொழியில் முகத்துக்கு 'முக்கா', ஆசிரியருக்கு 'குரோ', மாம்பழத்துக்கு 'மங்கா' என்று கேட்ட அன்று எனக்குப் பாதி பயம் போய்விட்டது. உங்கள் மகனுக்கும் போகும்.

இனி அவனுடைய நாள்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். பிலிப்பீன்ஸுக்கும் சிங்கப்பூருக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் ஆறரைக்கு இங்கே இருட்டு. அங்கே வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் கண் விழித்து, 'அம்மா இப்போது இருட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்' என்று நினைத்துக்கொள்வது என் தினசரி வழக்கமாக இருந்தது. அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. எட்டு மணிக்கு ஆளுக்கொரு மூலையில் வேதப் படிப்பு. ஒன்பது மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அன்று யாரைப் பார்க்கப் போகிறோம், அவருக்கு என்ன கவலை, எதைப் பேசலாம் என்று ஆலோசிப்போம். மொழி தெரியாதவனுக்கு அதன்மேல் அரை மணியோ ஒரு மணியோ மொழிப் பாடம். பத்து அல்லது பதினோரு மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். 2017க்குப் பிறகு அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். எழுவது, படிப்பது, வெளியே போவது, உறங்குவது என்ற எலும்புக்கூடு மாறவில்லை.

என் காலத்தில் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இளைஞர்களுக்கு 'எல்டர்' என்று பட்டம். மூத்தவர் என்று பொருள். மீசை சரியாக முளைக்காத பையனை மூத்தவரே என்று அழைப்பது நமக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் எழுபது வயதுக் கிழவர் அந்தப் பட்டத்தைச் சொல்லி உங்களிடம் தன் மகனுடைய குடியைப் பற்றி அழும்போது, அதற்கேற்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

அந்த ஊர்களில் கதவைத் தட்டும் பழக்கம் குறைவு. வேலிக்கு வெளியே நின்று 'தாவோ போ' என்று குரல் கொடுக்க வேண்டும். 'தாவோ' என்றால் மனிதன். 'போ' என்பது நம்முடைய 'ங்க' போன்ற மரியாதைச் சொல். 'மனிதன் வந்திருக்கிறேனுங்க' என்று அறிவிக்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முறை சொல்லியிருப்பேன். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் கேட்பதா வேண்டாமா என்பது வீட்டுக்காரர் இஷ்டம். அந்த முதல் அறிவிப்பை மட்டும் யாரும் மறுக்கவில்லை. எனக்கு அந்த மொழியிலேயே மிகப் பிடித்த சொற்கள் அவை.

என் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கும் இது நடக்கும். பிலிப்பீன்ஸில் இந்தியரை 'பும்பாய்' என்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கடன் கொடுத்து வசூலிக்கும் இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், அங்கே பல காலமாக இருக்கிறார்கள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும் என்பதால் அந்தக் கடனுக்கே 'ஃபைவ் சிக்ஸ்' என்று பெயர். அடம்பிடிக்கும் குழந்தையைப் 'பும்பாய் வந்து பிடித்துக்கொண்டு போவான்' என்று மிரட்டும் தாய்மாரும் உண்டு. முதல் ஊரில் நான் வேலியோரம் நின்று குரல் கொடுத்ததும் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோகும். குழந்தையின் வாயைப் பொத்துவது கேட்கும். கடன்காரன் வந்திருக்கிறான் என்று நினைத்து ஒளிந்துகொள்வார்கள். நான் அவமானத்தில் குன்றிப்போனேன் என்று நினைக்காதீர்கள்; எனக்கு அந்த வீட்டுப் பெண்கள்மீது இரக்கம்தான் மிஞ்சியது. நம் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. அங்கே கடன் வாங்கிய கூலிக்காரர்களும் இப்படித்தான் ஒளிந்திருப்பார்களோ என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன். மூன்றாம் மாதத்தில் குழந்தைகள் பயம் தெளிந்து தெருமுனையிலேயே என் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கிவிட்டார்கள்.

பகல் முழுக்கப் பிரசங்கம் நடக்கும் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பகலில் பெரும்பகுதி நடை. பார்க்கலாம் என்று சொன்னவர் வீட்டில் இருக்கமாட்டார். அறுவடைக் காலத்தில் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நெல்லைப் பரப்பிக் காயவைப்பார்கள். மழை கறுத்துவிட்டால் கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நாங்களும் ஓடிப்போய் நெல்லை வாரிக் கோணியில் கட்டுவோம். கிணற்றடியில் தண்ணீர் சுமப்போம். ஒருமுறை புயலுக்குப் பிறகு மூன்று நாள் தகரக் கூரை பிரிந்த வீடுகளில் ஆணி அடித்தோம். இதெல்லாம் ஊழியத்தில் சேர்த்திதான். வாரத்தில் சில மணி நேரம் இதற்கென்றே ஒதுக்க வேண்டும். மாலை ஆறுக்குப் பிறகு மக்கள் வயலிலிருந்து திரும்பியதும்தான் உட்கார்ந்து பேசும் நேரம். மின்சாரம் போய்விட்டால் மெழுகுவத்தி. இரவு ஒன்பது மணிக்கு, பாடம் நீண்டுவிட்டால் ஒன்பதரைக்கு, வீடு திரும்ப வேண்டும். மறுநாளுக்குத் திட்டம், நாட்குறிப்பு, பத்தரைக்கு விளக்கணைப்பு. தொலைக்காட்சி இல்லை, திரைப்படம் இல்லை, காதல் இல்லை. பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் இரண்டு பையன்களும் நுழையக்கூடாது; வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

கேட்பவர்கள் குறைவு. கத்தோலிக்க மண் அது. 'எங்களுக்கு மாதா இருக்கிறார்' என்று சிரித்தபடி வாழைப்பழம் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வாரம் முழுக்க ஒருவர்கூட உள்ளே கூப்பிடாமல் போனதுண்டு. வேண்டாம் என்ற சொல்லை நாள்தோறும் கேட்டுவிட்டு மறுநாள் அதே தெருவில் முகம் வாடாமல் நடப்பது ஒரு பயிற்சி. வேறெங்கும் அதை நான் கற்றதில்லை, படை முகாமிலும்கூட.

இப்போது துணை ஊழியருக்கு வருகிறேன்.

யாரோடு இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற அறிவிப்பு வரும். அதில் அவர் மாறலாம், நீங்கள் வேறு ஊருக்குப் போகலாம், அல்லது இருவரும் அப்படியே தொடரலாம். என் முதல் துணை, மின்டனாவோ தீவின் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்த பிலிப்பீனோ இளைஞர். என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஊழியத்தில் எனக்கு ஓராண்டு மூத்தவர், ஆகவே அவர்தான் எனக்குப் பயிற்சியாளர். தேசிய சேவையில் படைப்பிரிவுத் தலைவனாக இருந்துவிட்டு வந்த எனக்கு அது உறுத்தியது. அவர் காலையில் கருவாடு பொரிப்பார். அந்த வாடை என் சட்டையில் ஏறும். நான் தட்டை உடனே கழுவுபவன். அவர் இரவு சேர்த்துக் கழுவுபவர். அவர் மெதுவாக நடப்பார். வழியில் ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு கிழவிக்கும் நின்று பேசுவார். நான் கையில் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான்காவது வாரத்தில் நாங்கள் இருவரும் ஊராரிடம் பேசினோமே தவிர ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறை, இரண்டு படுக்கைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி, பேச்சில்லை. அக்கா, தனிமை என்று நீங்கள் அஞ்சினீர்களே, அது இப்படித்தான் வரும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது வரும்.

வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. 'நான் எதில் திருந்தினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?' என்று ஒருவர் மற்றவரைக் கேட்க வேண்டும். நாங்கள் அதை இரண்டு நிமிடத்தில் சடங்காக முடித்துவிடுவோம். 'ஒன்றுமில்லை.' 'எனக்கும் ஒன்றுமில்லை.' அந்த இரண்டு பொய்களையும் நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆறாவது வாரம் எனக்கு டெங்கி வந்தது. மாகாண மருத்துவமனையில் ஐந்து நாள். அங்கே நோயாளியோடு ஒருவர் தங்கிக் கவனித்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் 'பந்தாய்' என்று பெயர், காவலர் என்று பொருள். பெரும்பாலும் தாயோ மனைவியோ இருப்பார்கள். எனக்கு என் துணை இருந்தார். விதிப்படி அவர் என்னை விட்டுப் போக முடியாது, அது உண்மை. ஆனால் ஈரத்துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து இரவுகள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் உச்சத்தில் நான் தமிழில் பிதற்றினேனாம். என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லை. 'அம்மா' என்ற சொல் மட்டும் புரிந்ததாம். காய்ச்சல் இறங்கிய காலையில் அவரிடம் கேட்டேன்: 'நான் எதில் திருந்த வேண்டும்?' அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: 'நீங்கள் வேகமாக நடக்கிறீர்கள். என்னை யாரோ விரட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது.' அவ்வளவுதான். அதன்பிறகு அவரோடு இன்னொரு ஆறு வாரம் இருந்தேன், அவருடைய நடையில். நாய்களின் பெயர்கள் எனக்கும் தெரிந்தன. கிழவிகள் என்னையும் உட்காரச் சொன்னார்கள். அந்த ஊரில் எங்களைக் கடைசிவரை கேட்டவர்கள் எல்லாரும் அந்த மெதுவான நடையில் கிடைத்தவர்கள்தான்.

எனக்கு இரண்டு ஆண்டில் பதினொரு துணைகள். எல்லாரோடும் இப்படி முடியவில்லை. ஒருவரோடு கடைசி நாள் வரை ஒட்டவே இல்லை; அதில் பாதிக் குற்றம் என்னுடையது. என்னுடைய திருமண வாழ்க்கைக்கு எந்த ஆலோசகரைவிடவும் அந்தப் பதினொரு பேர் உதவியிருக்கிறார்கள் என்று என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு. யாரும் சமைத்துப் போடமாட்டார்கள், அக்கா. இவர்களேதான் சமைக்க வேண்டும். சபைக் குடும்பங்கள் வாரத்தில் ஓரிரு நாள் இரவு உணவுக்கு அழைக்கும். மூன்று வேளையும் சோறு கிடைக்கும் நாடு என்பதால் நம் பிள்ளைக்குப் பெரிய கஷ்டமில்லை. ரசமும் ஒரு பருப்புக் குழம்பும் வைக்க இப்போதே கற்றுக்கொடுத்துவிடுங்கள். புளியும் பருப்பும் அங்கே கிடைக்கும், கடுகும் பெருங்காயமும் சிறிய ஊர்களில் கிடைக்காது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். விரதம் பார்க்கும் வீட்டில் வளர்ந்த பையனுக்கு அது புதிதல்ல.

தேநீரும் காப்பியும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1833ல் ஜோசப் ஸ்மித் வழங்கிய 'ஞான வார்த்தை' என்ற சுகாதார விதியின்படி மது, புகையிலை, காப்பி, தேயிலை நான்கும் விலக்கு. சொல்வது எளிது, ஏழை வீட்டில், கடைசி மூன்று கரண்டிக் காப்பித்தூளைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டும்போது மறுப்பது எளிதல்ல. அங்கே நான் கற்றுக்கொண்ட வழி, வீட்டுக்குள் போனவுடன் நாமே முந்திக்கொண்டு 'கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, தாகமாக இருக்கிறது' என்று கேட்டுவிடுவது. வீட்டுக்காரருக்குக் கொடுத்த நிறைவு, நமக்கு விதி மீறாத நிறைவு. இதை உங்கள் மகனிடம் அப்படியே சொல்லுங்கள்.

என் அம்மாவே இதில் ஒருமுறை காயப்பட்டார். நான் திரும்பி வந்த பிறகு, ஈசூனில் உள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு இங்கே ஊழியம் செய்யும் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். அம்மா இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை எடுத்துவந்து வைத்தார். இருவரும் தயங்கித் தயங்கி மறுத்தார்கள். விருந்தாளி தேநீரை மறுப்பது நம் வீட்டில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு முழுக்க அம்மா பேசவில்லை. மறுநாள் விதியை விளக்கினேன். 'இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்றார். இப்போது வாரம் ஒருநாள் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்தான் சமைக்கிறார். பார்லித் தண்ணீரும் மைலோவும் தயாராக இருக்கும். சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போவதும் நிற்கவில்லை. அவர் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி நான் கேட்டதுமில்லை.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் மறைக்கமாட்டேன். வாரந்தோறும் எண்ணிக்கை கொடுக்க வேண்டும்: எத்தனை பாடம், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி. இலக்கு வைப்பது நல்லதுதான் என்று சிலர் சொல்வார்கள். இளம் வயதில் அந்த எண் மனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. எண் குறைந்த வாரத்தில் தன்னையே குற்றவாளியாக நினைத்து இரவில் அழுத பையனைப் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடுகளும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்: கற்பித்தவரே ஒருவரைச் சபையில் சேர்த்துவிட முடியாது, வேறோர் ஊழியர் தனியாக நேர்காணல் செய்வார், வயது குறைந்தவரானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். இருந்தாலும் உங்கள் மகன் உங்களிடம் எண்களைச் சொல்லத் தொடங்கினால், மெல்லப் பேச்சை மனிதர்களிடம் திருப்புங்கள். 'அந்த வீட்டுப் பாட்டிக்கு இப்போது முட்டி வலி எப்படி?' என்று கேளுங்கள்.

பேசத்தான் வாய்ப்பு உண்டா என்று கவலைப்பட வேண்டாம். என் காலத்தில் ஆண்டுக்கு இரண்டே தொலைபேசி அழைப்புகள்: அன்னையர் தினம், கிறிஸ்துமஸ். மற்ற வாரங்களில் இணையக் கடையில் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல். 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் குடும்பத்தோடு பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். பெரும்பாலும் திங்கட்கிழமை. அன்று துணி துவைப்பது, முடி வெட்டுவது, சந்தைக்குப் போவது, கூடைப்பந்து விளையாடுவது எல்லாம் நடக்கும். மாலை மீண்டும் ஊழியம். அந்த அழைப்பில் துணை ஊழியரையும் திரைக்கு வரச் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். அவருடைய ஊர், அவருடைய அம்மா பற்றிக் கேளுங்கள். உங்கள் மகனுடைய நாள் எப்படி இருக்கும் என்பது பெருமளவு அந்த இன்னொரு பிள்ளையின் கையில் இருக்கிறது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஊழியனும் குடும்பமும் மாதந்தோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். முடியாதவர்களுக்குச் சபை நிதியிலிருந்து உதவி உண்டு. வாடகையை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் அளவான ஒரு தொகை அவன் கையில் கொடுப்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, சேவை முடித்தவன் நீண்ட காலம் வெளிநாட்டில் தங்குவதற்குத் தற்காப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் ஓடக்கூடாது.

தடுக்க வேண்டுமா என்றால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'சபையில் யாரும் உன்னை எதிர்பார்க்கவில்லை என்றாலும் போவாயா?' உடனே பதில் வர வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து அவனாகவே வந்து, போவேன் என்று சொன்னால், தடுக்காதீர்கள் என்பேன். தயங்கினால், ஓராண்டு தள்ளிப்போடச் சொல்லுங்கள். வயது கடந்துவிடாது, இருபத்தைந்து வரை இளைஞர்கள் புறப்படலாம். போன பிறகு உடலோ மனமோ ஒத்துழைக்கவில்லை என்றால் நடுவில் திரும்பி வரலாம். அப்படி வரும் பிள்ளையைச் சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அது தவறு, கொடுமையும்கூட. 'எந்த நாள் வந்தாலும் உன் அறை உனக்காக இருக்கும்' என்று விமான நிலையத்தில் சொல்லி அனுப்புங்கள். என் அம்மா எனக்கு அதைத்தான் சொன்னார். அந்தச் சொல் கையில் இருந்ததால்தான் நான் கடைசிவரை இருந்தேன் என்று நினைக்கிறேன்.

புறப்படுவதற்கு முன் ஒருநாள், இங்கே உங்கள் வட்டாரத்தில் ஊழியம் செய்யும் இரண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். இதில் எழுதியிருப்பதையெல்லாம் அவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். அவர்கள் போகும்போது வாசலில் கழற்றி வைத்த காலணிகளின் அடிப்பாகத்தைப் பாருங்கள். என் முதல் ஜோடி ஏழாவது மாதத்திலேயே தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஊர்ச் சந்தையில் என் அளவு கிடைக்காமல் மூன்று வாரம் அட்டையை வெட்டி உள்ளே வைத்து நடந்தேன். அடிப்பாகம் தைத்த, மழைக்குத் தாங்கும் கறுப்புக் காலணி இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள். பெட்டியில் எடை மிஞ்சினால் பெருங்காயம் ஒரு டப்பா.